கண் கடிக்கிறதா? போத்தலில் உள்ள சின்ன எழுத்தை வாசியுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. கண் கடி, கண்ணீர், சிவப்பு என்று வந்த கடிதங்களில் ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறோம். மருந்துகளை வணிகப் பெயரால் சொல்லாமல் மூலப் பெயராலேயே சொல்லியிருக்கிறோம். கடைக்குக் கடை பெட்டியின் நிறமும் பெயரும் மாறும், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் மாறாது. வணிகப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் அதுதான் அச்சிட்டிருக்கும்.

வைகாசி பிறந்தால் எனக்கு இரண்டு கண்ணும் கடிக்கும், தண்ணீராய் ஓடும். பாமசியில் “அலர்ஜிக்கு விடுற மருந்து” என்று கேட்டால் ஒவ்வொரு தரமும் வேறு போத்தல் தருகிறார்கள். எல்லாம் ஒன்றுதானா?
– வாசகி, உப்புவெளி

ஒன்றல்ல. அப்படிப் பொதுவாகக் கேட்டால் நான்கு விதமான மருந்துகளில் எதுவும் கைக்கு வரலாம். இரண்டு விதத்தால் பயம் குறைவு, மற்ற இரண்டால் அதிகம்.

முதல் வகை ஒலோபட்டாடின், கீட்டோட்டிஃபென், அசெலாஸ்டின் போன்றவை. தூசியோ மகரந்தமோ பட்டதும் கண்ணின் மேற்சவ்வில் இருக்கும் மாஸ்ட் கலங்கள் ஹிஸ்டமின் என்ற இரசாயனத்தை வெளிவிடுகின்றன. கடி, நீர், இமை வீக்கம் மூன்றும் பெரும்பாலும் அதனால்தான். இம்மருந்துகள் வெளியே வந்த ஹிஸ்டமினைச் செயற்பட விடாது, மேலும் வெளிவருவதையும் குறைக்கும். விட்டுச் சில நிமிடங்களில் சுகம் தெரியும். ஒலோபட்டாடின் 0.1 சதவீதம் என்றால் ஒரு நாளில் இரண்டு தரம், 0.2 சதவீதம் என்றால் ஒரே ஒரு தரம். பெயர் ஒன்றாக இருந்தாலும் எண் மாறினால் வேளை மாறும், அதனால் எண்ணையும் பாருங்கள். கீட்டோட்டிஃபென் மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, 8 முதல் 12 மணித்தியாலத்துக்கு ஒரு தரம்.

இரண்டாம் வகை சோடியம் குரோமோகிளைக்கேட், 2 சதவீதம், ஒரு நாளில் நான்கு தரம். இது வந்த கடியை உடனே நிறுத்தும் மருந்தல்ல, வராமல் தடுப்பது. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு கிழமை பிடிக்கும். இரண்டு நாள் விட்டுப் பார்த்துவிட்டு “இது சரிவராது” என்று தூக்கி வைப்பதால்தான் இதற்குக் கெட்ட பெயர். உங்களைப்போல ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் அவதிப்படுகிறவர்கள் காற்று மாறுவதற்கு இரண்டு கிழமை முன்னரே தொடங்கினால் இது நல்ல மருந்து. பழைய மருந்துதான், விலையும் பெரும்பாலும் குறைவு.

மூன்றாம் வகையில் நஃபசோலின், டெட்ராஹைட்ரோசோலின் என்ற பெயர்கள் இருக்கும். சில போத்தல்களில் அன்டசோலின் அல்லது ஃபெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்தும் சேர்ந்திருக்கும், ஆகவே பெட்டியில் “அலர்ஜி” என்றே எழுதியிருக்கலாம். இவை இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் கண்ணை வெள்ளையாக்குகின்றன. விட்டவுடன் கண்ணாடியில் பார்க்க மனதுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்தால் மருந்தின் வேகம் இறங்கும்போது குழாய்கள் முன்னைவிட அகலமாக விரியும். கண் இன்னும் அதிகமாகச் சிவக்கும். சிவந்ததென்று இன்னொரு சொட்டு, அதனால் இன்னும் சிவப்பு, அதற்கும் இன்னொரு சொட்டு என்று அது நீண்டுகொண்டே போகும். மூடுகோணக் குளுக்கோமா (கண்ணுக்குள் நீர் வடியும் வழி அடைபட்டு உள்ளழுத்தம் ஏறும் நோய்) உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. உயர் இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே விட வேண்டும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: ஒன்றிரண்டு மில்லிலீற்றரைக் குழந்தை விழுங்கினாலே மயக்க நிலை, இதயத் துடிப்புக் குறைதல், மூச்சுத் தடுமாற்றம் வரலாம். அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அல்லது 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள்.

நான்காம் வகை ஸ்டீரொயிட், அதாவது அழற்சியை அடக்கும் வலுவான மருந்து. அதைப் பற்றி நிலாவெளித் தாயின் கேள்விக்கு எழுதியதில் விரிவாகப் பாருங்கள்.

நீங்கள் சொல்லும் தொந்தரவுக்கு முதல் வகையே போதும். கடையில் “அலர்ஜி மருந்து” என்று கேட்காமல் “ஒலோபட்டாடின்” அல்லது “கீட்டோட்டிஃபென்” என்று கேளுங்கள். சிவப்பை மட்டும் வெளுக்க வைக்கும் மூன்றாம் வகையை ஒவ்வாமைக்கென்று வாங்கிக் கொடுப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. கடிக்கு குளோர்பெனிரமின் குளிசை போடுகிறவர்களும் கவனியுங்கள்: அது தூக்கம் தரும், கண்ணீரையும் வற்ற வைக்கும். காய்ந்த கண்ணில் தூசி இன்னும் உறுத்தும்.

ஒரு போத்தல் பத்து நாள்கூட நிற்பதில்லை. விட்டதும் தொண்டை கசக்கிறது. மருந்து கண்ணில் நிற்கிறதா என்றே சந்தேகம்.
– வாசகர், மூதூர்

முதலில் ஒரு கேள்வி: போத்தலை எப்படித் திறந்தீர்கள்? பல கண் மருந்துப் போத்தல்களின் நுனி அடைத்தே வரும். மூடியின் உட்புறம் பார்த்தால் நடுவில் சின்ன முள் ஒன்று தெரியும். மூடியை வலப்பக்கம் இறுகும்வரை திருகினால் அந்த முள் நுனியில் அளவான துளை போடும். பிறகு இடப்பக்கம் திருகித் திறக்க வேண்டும். இது தெரியாமல் ஊசியாலோ சேஃப்டி பின்னாலோ குத்துகிறார்கள், சிலர் பிளேட்டால் நுனியையே சீவி விடுகிறார்கள். துளை பெரிதானால் சொட்டும் பெரிதாகும், சில வேளை இரண்டு மூன்றாக ஓடும். ஊசியில் இருந்த அழுக்கும் உள்ளே போய்விடும்.

கணக்குப் பாருங்கள். 5 மில்லிலீற்றர் போத்தலில் சாதாரணமாக 100 சொட்டுக்கு மேல் இருக்கும். இரண்டு கண்ணுக்கும் காலை மாலை ஒவ்வொரு சொட்டு என்றால் நாளுக்கு 4, 28 நாளுக்கு 112. ஏறத்தாழ ஒரு மாதம் நிற்க வேண்டிய மருந்து பத்து நாளில் முடிகிறதென்றால் மிச்சம் கன்னத்தில்தான் வழிந்திருக்கிறது. ஒரு சொட்டு பொதுவாக 30 முதல் 50 மைக்ரோலீற்றர். கண் ஒரே நேரத்தில் கொள்வது 30 அளவுதான். ஆக ஒரு சொட்டே கண்ணுக்கு அதிகம், இரண்டாவது சொட்டு முதலாவதைக் கழுவி வெளியே தள்ளும்.

விடும் முறை இது. சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து அல்லது படுத்து, கீழிமையைச் சுட்டுவிரலால் மெல்லக் கீழே இழுத்தால் சின்னப் பை மாதிரி ஒரு இடம் தெரியும். கண்ணை மேலே பார்க்க விட்டு, நுனி கண்ணிலோ இமை மயிரிலோ முட்டாமல் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் மேலே பிடித்து அந்தப் பைக்குள் ஒரு சொட்டு விடுங்கள். கருவிழியின் மேல் நேராக விட்டால் கண் துடித்து மூடிக்கொள்ளும். விட்டதும் மெல்ல மூடுங்கள். இறுக்கி மூடுவதும் படபடவென்று கொட்டுவதும் மருந்தைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். மூக்கோடு ஒட்டிய கண் முனையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கண்ணீர் மூக்குக்கு இறங்கும் துவாரம் அங்கேதான் இருக்கிறது. தொண்டைக் கசப்பு அந்த வழியாகத்தான் வருகிறது. அழுத்திப் பிடித்தால் கசப்பும் குறையும், மருந்தும் கண்ணில் நிற்கும்.

கை நடுங்குகிறவர்கள் போத்தல் பிடித்த கையை நெற்றியில் ஊன்றிக்கொள்ளலாம். குழந்தை கண்ணைத் திறக்க மறுத்தால் மல்லாக்கப் படுக்க வைத்து, மூடிய கண்ணின் மூக்கோர முனையில் ஒரு சொட்டு விட்டு வையுங்கள். எப்போதாவது கண்ணைத் திறக்கத்தானே வேண்டும், அப்போது தானாக உள்ளே போகும். மல்லுக்கட்டத் தேவையில்லை.

மகனுக்கு ஒன்பது வயது. மூன்று வருடமாக வெயில் காலத்தில் கண் சிவந்து, நூல் மாதிரிப் பீளை வரும். காலையில் வெளிச்சத்துக்குக் கண் திறக்க மாட்டான். முதல் வருடம் டொக்டர் எழுதிய மருந்து கேட்டது. அந்த மருந்துத் துண்டைக் காட்டி அதையே வாங்கி விட்டு வருகிறோம். இந்த முறை இரண்டு மாதமாகிறது. பிழை உண்டா?
– ஒரு தாய், நிலாவெளி

போத்தலை எடுத்துப் பெயரைப் பாருங்கள். டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசொலோன், புளுரோமெதலோன், லோட்டிபிரெட்னோல் – இதில் ஒன்று இருந்தால் அது ஸ்டீரொயிட். நியோமைசின், குளோரம்பெனிக்கோல், டோப்ராமைசின் போன்ற கிருமிக்கொல்லியோடு சேர்ந்தும் வரும். “சோன்”, “லோன்” என்று பெயர் முடிந்தால் இது ஸ்டீரொயிட்டா என்று பாமசியில் வாய்விட்டுக் கேளுங்கள்.

ஸ்டீரொயிட் கெட்ட மருந்தல்ல. உங்கள் மகனுக்கு இருப்பது நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வேர்னல் என்ற கடும் ஒவ்வாமையாக இருக்கலாம். வெப்பமான இடங்களில், பெரும்பாலும் பையன்களுக்கு, பத்து வயதுக்கு முன்னரே தொடங்கி, பருவ வயது கடக்கும்போது பொதுவாகத் தணியும். மேலிமையின் உட்புறம் கொப்புளம் கொப்புளமாகத் தடிக்கும். அது கருவிழியில் உரசிப் புண்ணும் ஆகலாம், காலையில் கண் திறக்க முடியாமை அதன் அடையாளமாக இருக்கலாம். அந்த நிலையில் சில நாட்களுக்கு ஸ்டீரொயிட் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பது கண் வைத்தியர் செய்கிற வேலைதான். ஒரு துண்டை வைத்து மூன்று வருடம் வாங்குவது வேறு கதை.

ஏனென்றால், ஸ்டீரொயிட் சொட்டுகளைச் சில கிழமைகள் தொடர்ந்தாலே ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கண்ணின் உள்ளழுத்தம் ஏறுகிறது, சிலருக்கு மிக அதிகமாக. வலி இருக்காது. கடி நின்றுவிட்டதால் மருந்து வேலை செய்கிறதென்று நினைத்துக்கொண்டிருப்போம். பார்வை நரம்பு அழிந்து, பார்வை ஓரத்திலிருந்து குறைந்துகொண்டு வரும், அழிந்தது திரும்பாது. நீண்ட நாள் விட்டால் வெண்புரையும் வரும், சிறு வயதென்று விட்டுவைக்காது. ஹெர்பீஸ் வைரசாலோ பூஞ்சணத்தாலோ வந்த புண் உள்ள கண்ணில் விட்டால் புண் வேகமாகப் பரவும்.

திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம். இந்தக் கிழமையே போத்தலோடு திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். “இரண்டு மாதமாக இதை விடுகிறோம், கண் பிரஷர் பார்க்க வேண்டும்” என்று அந்தச் சொற்களாலேயே சொல்லுங்கள். ஸ்டீரொயிட்டைக் குறைக்க சைக்குளோஸ்போரின் சொட்டு, டக்ரோலிமஸ் களிம்பு என்று வழிகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்பதைப் பரிசோதித்தவர்தான் சொல்ல முடியும்.

வீட்டில் செய்ய வேண்டியது கண் கசக்குவதை நிறுத்துவது. கசக்கும்போது மாஸ்ட் கலங்கள் நசுங்கி இன்னும் ஹிஸ்டமின் வரும், அதனால்தான் கசக்கிய ஐந்தாவது நிமிடம் இன்னும் அதிகமாகக் கடிக்கிறது. வருடக்கணக்கில் கசக்கினால் கருவிழி கூம்பாக நீளும் கெரட்டோகோனசுக்கும் இடமுண்டு. கொதித்தாறிய தண்ணீரைக் குளிர வைத்து, சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய கண் மேல் ஐந்து பத்து நிமிடம் வைத்தால் கடி அடங்கும். வெயிலில் விளையாடப் போகும்போது முன்விளிம்புள்ள தொப்பி, திரும்பி வந்ததும் முகம் கழுவல் இரண்டும் வேண்டும்.

நோன்பு காலத்தில் கண்ணுக்கு மருந்து விடலாமா?
– வாசகி, கிண்ணியா

மார்க்கத் தீர்ப்பை உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாதமி 1997இல் ஜித்தாவில் கூடி, கண் சொட்டு நோன்பை முறிக்காது, தொண்டைக்கு வருவதை விழுங்காமல் இருக்க வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறது. மூதூர் வாசகருக்குச் சொன்ன கண்முனை அழுத்தம் அதற்கும் உதவும்.

பகலில் விடவே மனம் ஒப்பவில்லையென்றால் அதற்கும் வழியிருக்கிறது. இரண்டு வேளை மருந்தை ஸஹருக்கு (விடியலுக்கு முந்திய உணவு வேளை) ஒன்று, நோன்பு திறந்த பின் ஒன்று என்று விடலாம். பின்னேரத்தில் கடி தலைகாட்டினால் ஒரு வேளை மருந்தான 0.2 சதவீத ஒலோபட்டாடினுக்கு மாறலாமா என்று வைத்தியரைக் கேளுங்கள். நான்கு வேளை விடும் குரோமோகிளைக்கேட்டை இந்த மாதத்தில் புதிதாகத் தொடங்காதீர்கள். ஸ்டீரொயிட், குளுக்கோமா மருந்து விடுகிறவர்கள் நேரத்தைத் தாங்களாக மாற்றக் கூடாது.

பெட்டியில் இன்னும் இரண்டு வருடம் தவணை இருக்கிறது. “திறந்து ஒரு மாதத்தில் எறி” என்கிறார்கள். வியாபாரத் தந்திரமா? ஓட்டோவிலேயே வைத்து விடுகிறேன்.
– ஓட்டோ சாரதி, சீனக்குடா

தந்திரமில்லை. அச்சிட்ட திகதி மூடி திறக்காத போத்தலுக்கு. திறந்த பிறகு ஒவ்வொரு தரமும் நுனி வழியே காற்றும் கிருமியும் கொஞ்சம் உள்ளே போகும். பாதுகாப்பு இரசாயனம் அதை ஓரளவுதான் சமாளிக்கும். அதனால்தான் பொதுவாக 28 நாள் என்கிறார்கள். போத்தலில் வேறு அளவு எழுதியிருந்தால் அதன்படி. திறந்த அன்றே திகதியைப் பேனையால் லேபலில் எழுதுங்கள், மனக்கணக்கு வேண்டாம். இரசாயனம் சேர்க்காத ஒற்றை வேளைச் சின்னக் குழாய்களைத் திறந்தால் அந்த வேளையோடு வீசிவிட வேண்டும். அசுத்தமான கண் சொட்டு என்ன செய்யும் என்பதற்கு ஒன்று சொல்கிறோம்: 2023இல் அமெரிக்காவில் கிருமி கலந்த செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகளோடு தொடர்புபட்ட தொற்றில் 14 பேர் பார்வை இழந்தார்கள், நான்கு பேர் இறந்தார்கள்.

ஓட்டோவில் வைக்காதீர்கள். பெரும்பாலான கண் மருந்துகளுக்கு 25 அல்லது 30 பாகைதான் எல்லை. கச்சான் நாளில் வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் அது எப்போதோ தாண்டிவிடும். வீட்டில் நிழலான அலுமாரி போதும். பிரிட்ஜில் வைக்கலாமா என்பதைப் பெட்டி சொல்லும். உறைகிற தட்டில் மட்டும் வேண்டாம். சட்டைப் பைக்குள் சுப்பர் குளூ, காதுச் சொட்டு, கண் சொட்டு மூன்றும் சேர்ந்து கிடப்பவர்கள் இருக்கிறார்கள். மூன்றும் ஏறத்தாழ ஒரே வடிவம். கண் மருந்தை அதன் பெட்டியோடு தனியாக வையுங்கள்.

லென்ஸ் போடுகிறேன். மருந்து விட்டதும் போடலாமா?
– வாசகி, உவர்மலை

கண் சிவந்து கடிக்கிற நாட்களில் லென்ஸே வேண்டாம், மூக்குக்கண்ணாடி போடுங்கள். கண் தெளிந்த பிறகு: லென்ஸைக் கழற்றி, மருந்து விட்டு, 15 நிமிடம் பொறுத்துப் போடுங்கள். பல போத்தல்களில் உள்ள பென்சால்கோனியம் குளோரைட் என்ற பாதுகாப்பு இரசாயனத்தை மென் லென்ஸ் உறிஞ்சி வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கண்ணை எரிக்கும். கடலில் குளிக்கும்போது லென்ஸ் கூடவே கூடாது.

அம்மா குளுக்கோமாவுக்கு இரவில் ஒரு சொட்டு விடுகிறா. இப்போது அலர்ஜி மருந்தும் தந்திருக்கிறார்கள். எதை முதலில் விடுவது?
– வாசகர், திருகோணமலை நகர்

வைத்தியர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் எதை முதலில் விட்டாலும் சரி, இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் இருக்க வேண்டும். களிம்பு இருந்தால் அது கடைசியில்தான். களிம்பு படிந்த கண்ணுக்குள் சொட்டு இறங்காது. அதைவிட முக்கியம், அலர்ஜி மருந்து தந்தவருக்கு அம்மாவின் குளுக்கோமா தெரியுமா என்பது. பெயரில் நஃபசோலினோ ஸ்டீரொயிட்டோ இருந்தால் குளுக்கோமா பார்க்கும் வைத்தியரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, தேன்?
– பலர்

மூன்றும் வேண்டாம். எதுவும் கிருமியற்றதல்ல, நந்தியாவட்டைப் பால் கண்ணை எரிக்கும். குளிர்ந்த ஒத்தடம் நல்லது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வருடம் முழுக்கக் காலையில் எழும்பும்போதுதான் கண் கடி. வெளியே போனால் குறைகிறது.
– வாசகர், குச்சவெளி

அப்படியென்றால் கச்சானில் பழியில்லை, படுக்கையில் பாருங்கள். தும்பு மெத்தையிலும் பஞ்சுத் தலையணையிலும் வாழும் தூசிச் சிற்றுண்ணிகள் ஈரப்பதத்தில் பெருகும். தலையணை உறையையும் விரிப்பையும் கிழமைக்கொருமுறை 60 பாகைச் சுடுநீரில் தோயுங்கள். மின்விசிறி இறக்கையை ஈரத்துணியால் துடையுங்கள், உலர்ந்த துணி தூசியை அறைக்குள் பரப்பும். நுளம்புச் சுருளைப் படுக்கையறையில் கொளுத்தாமல் வலை கட்டுங்கள்.

நெல் வெட்டு நேரத்தில் ஒரு கண்ணுக்குள் உமியோ என்னவோ பட்டது. மூன்று நாளாகச் சிவப்பு, வலி, வெளிச்சம் கூசுகிறது. வீட்டில் இருந்த அலர்ஜி மருந்தை விட்டும் குறையவில்லை. வேறு நல்ல மருந்து சொல்லுங்கள்.
– விவசாயி, தம்பலகாமம்

மருந்து சொல்ல மாட்டோம். இதை வாசிக்கிற இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒவ்வாமை பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும், கடிக்கும், வலிக்காது. உங்களுக்கு ஒரு கண்ணில் மட்டும், வலியோடு, ஒன்று பட்ட பிறகு வந்திருக்கிறது. நெல் உமி, வைக்கோல், இலை நுனி கீறிய கருவிழியில் பூஞ்சணம் பிடித்துப் புண்ணாகும் ஆபத்து இருக்கிறது. தொடக்கத்தில் சாதாரணச் சிவப்பாகத்தான் தெரியும், பிறகு கருவிழியில் வெள்ளைப் புள்ளி தோன்றும். இதற்கு ஸ்டீரொயிட் விட்டால் இரண்டு நாள் சிவப்பு இறங்கி நன்றாக இருப்பதுபோலத் தோன்றும், அந்த இரண்டு நாளில் புண் ஆழமாகிவிடும்.

கண்ணைக் கசக்காதீர்கள், துணி வைத்து இறுக்கிக் கட்டாதீர்கள், உமி தெரிந்தாலும் நீங்களாகக் கிண்டி எடுக்காதீர்கள். விட்ட மருந்தின் போத்தலைக் கையோடு கொண்டுபோங்கள். கிளினிக் நாளா என்று பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், இரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். பார்வை மங்கினவர்கள், பச்சையாகவோ மஞ்சளாகவோ சீழ் வருகிறவர்கள், லென்ஸ் போட்ட கண் வலிக்கிறவர்கள் எல்லோருக்கும் இதுவே பதில். சுண்ணாம்பு, சீமெந்து, பூச்சிமருந்து கண்ணில் பட்டவர்கள் மட்டும் முதலில் ஓடும் சுத்தமான தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் இமையை விரித்துக் கழுவிவிட்டுப் புறப்பட வேண்டும். போகிற வழியில் பாமசியில் இறங்கி இன்னொரு போத்தல் வாங்கி விடாதீர்கள். புண்ணைச் சுரண்டிக் கிருமி பார்க்க வேண்டியிருந்தால் புது மருந்து அந்தச் சோதனையைக் குழப்பிவிடும்.